லாட் நம்பர் இல்லாத மணி

அனுப்பர்பாளையம்,
புதன்கிழமை இரவு

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

மாமன் எழுதுகிறேன். அக்கா நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மழை விட்ட மறுநாள் நீ கூட்டாளிகளோடு கொடுமணல் பக்கம் போனதும், உழவு ஓட்டிக் கிடந்த காட்டில் சிவப்பாக ஒரு மணி மினுங்கியதும், அதை எடுத்துக் கழுவிப் படம் பிடித்துப் போனில் போட்டதும், முன்பின் தெரியாத ஒருவர் எட்டாயிரம் தருகிறேன் என்று கேட்டதும். "உன் மருமகன் உங்கிட்ட மட்டும்தான் கேப்பான், நீயே சொல்லு" என்றாள். போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ அதை எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. மண்ணில் மினுங்குகிற எதையும் குனிந்து எடுக்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் பிறந்திருக்க மாட்டான். உன் வயதில் நானும் குனிந்திருப்பேன். எட்டாயிரம் என்பது உன் பைக் தவணைக்கு இரண்டு மாதம் தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: விற்காதே. வீட்டிலும் வைத்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதம்.

1996-ல் நான் ஒரு கம்பெனியில் துணி செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயப்பட்டறையிலிருந்து டெம்போவில் ரோல் வந்து இறங்கியது. வழியில் நல்ல மழை. ரோல் மேல் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் நனைந்து தொங்கியது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லா ரோலையும் ஒரே அடுக்காக அடுக்கிவிட்டேன். ஒரே கலர், ஒரே ஜிஎஸ்எம், ஒரே டயா; என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். அது இரண்டு லாட், தனித்தனியே சாயம் ஏற்றியது. கட்டிங் முடிந்து, பவர் டேபிளில் தைத்து, அயர்ன் செய்து மேசையில் விரித்தபோதுதான் தெரிந்தது: உடம்பு ஒரு ஷேட், கை ஒரு ஷேட். எது எந்த லாட் என்று கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தத் துணியில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு ஊசிக் கோடு இல்லை. ஒவ்வொரு ரோலும் தனியாகப் பார்த்தால் சுத்தமான துணி. எங்கிருந்து வந்தது என்ற தகவலை மட்டும் நான் கிழித்துப் போட்டிருந்தேன். அத்தனை பீஸும் போனது.

உன் கையில் இருக்கும் மணிக்கும் ஒரு சீட்டு உண்டு, மாப்பிள்ளை. அது கிடந்த மண்தான் அந்தச் சீட்டு.

கொடுமணலில் 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். பேராசிரியர் கா. ராஜன் அப்போதும் இருந்தார், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2012-லும் வந்து தோண்டினார். அண்மையில் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியது. இப்படித் தோண்டும் இடங்களில் எப்படி வேலை நடக்கும் தெரியுமா? கயிறு கட்டிச் சதுரமாகக் குழி பிரிப்பார்கள். மண்வெட்டி கொஞ்சம்தான், பெரும்பாலும் சின்னக் கரணையும் பிரஷும். மண்ணின் நிறம் மாறும் இடத்திலெல்லாம் நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். ஒரு சில்லு கிடைத்தால் கவரில் போட்டு, எந்தக் குழி, எத்தனை ஆழம், எந்த அடுக்கு, என்ன தேதி என்று சீட்டு எழுதி உள்ளே வைப்பார்கள். நம் ரோல் சீட்டேதான். மேலே இருக்கும் அடுக்கு பிந்தியது, கீழே இருப்பது முந்தியது. மணிக்குப் பக்கத்தில் கரி கிடந்தால் அந்தக் கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வயது கேட்கலாம். பக்கத்திலேயே துளை போடாத மணியும் உடைந்த கல் சில்லும் கிடந்தால் அங்கே பட்டறை இருந்தது என்று சொல்லலாம். எலும்போடு கிடந்தால் அது யாருக்கோ பூட்டி அனுப்பிய மாலை. அதே மணி, மூன்று இடத்தில் மூன்று சங்கதி.

கொடுமணலின் ஈமக்குழி ஒன்றிலிருந்து மட்டும் உன்னுடையது போன்ற சிவப்பு மணிகள் 2,000-க்கு மேல் எடுத்தார்கள். அந்தக் கல்லுக்குத் தமிழில் சூதுபவளம் என்று பெயர். இதில் எனக்கு ஆச்சரியம் என்ன என்றால், அந்தக் கல் நம் பக்கத்துக் கல்லே கிடையாது. பச்சைக்கல் படியூரில் கிடைத்தது. நீலக்கல் சிவன்மலைப் பக்கம் கிடைத்தது. பளிங்குக் கல்லுக்கும் பஞ்சமில்லை. சூதுபவளம் மட்டும் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஆக, கச்சாப் பொருள் வடக்கிலிருந்து வந்திருக்கிறது, இங்கே வேலை நடந்திருக்கிறது, சரக்கு மேற்கே போயிருக்கிறது. குஜராத் பஞ்சில் நூல் வாங்கி இங்கே பின்னி ஐரோப்பாவுக்கு அனுப்புகிற ஊரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்கும், இந்தப் பக்கம் கரூருக்கும் போன பெருவழியில்தான் கொடுமணல் இருந்தது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணம் என்று பெயர் சொல்லியிருப்பதை இந்த ஊர் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கொடுமணல் இருக்கும் நம் நொய்யல் ஆற்றங்கரை அப்போதும் ஏற்றுமதிக் கரைதான்.

எனக்கு மணியைவிடப் பிடித்தவை அங்கே வேறு இரண்டு உண்டு. ஒன்று, சுட்ட மண்ணில் செய்த தக்களி வில்லை. நடுவில் இரும்புக் கம்பி கோத்தது. நூல் நூற்ற கருவி. உன் தாத்தன் சென்னிமலையில் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் அம்மா நூற்றவள். இந்த நூல் தொழில் நம் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்று நான் கேட்டபோதெல்லாம் "எப்பவும் இருக்குது" என்பார் அப்பா. அந்த வில்லையின் படத்தைப் புத்தகத்தில் பார்த்த அன்றுதான் அந்த "எப்பவும்" எத்தனை நீளம் என்று எனக்கு உறைத்தது.

இன்னொன்று பானைச் சில்லு. தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய சில்லுகள் அங்கே நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. ஆதன், கண்ணன் என்கிற பெயர்கள். கண்ணன் நாம் இன்றும் வாயால் சொல்கிற பெயர். பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கூரான எதையோ வைத்துக் கீறியவை. அதாவது வாங்கி வந்தவன் கீறியது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகத் தூக்குப்போசி வைத்திருப்பார்களே, மூடியில் பெயர் வெட்டியிருக்கும். போசி மாறிப் போகாமல் இருக்க. அதே வேலைதான். அரசன் வெட்டச் சொன்ன கல்வெட்டில் எழுத்து இருப்பது பெரிய சங்கதி இல்லை. சோறு கொண்டுபோன பானையில் தன் பெயரைத் தானே கீறத் தெரிந்தவன் நொய்யல் கரையில் இருந்தான் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் என்று ஓர் இடம். ரோமானியர் காலத்துத் துறைமுகம். அங்கேயும் தமிழி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்று கீறிய சில்லுகள் கிடைத்தன. அங்கே வந்து போன தமிழ்ப் பெயர்கள் இரண்டு, அந்த மண்ணின் அடுக்கிலேயே உட்கார்ந்திருந்தன. சந்தையில் ஒரு வியாபாரி நீட்டிய சில்லாக அது இருந்திருந்தால், எகிப்து என்று யார் நம்புவார்கள்? மதுரையில் பொறுக்கியது என்றல்லவா சொல்லிவிட்டுப் போவார்கள்.

சீட்டுக் கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தொழிலிலேயே ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் அஷ்மோலியன் மியூசியம். அங்கே பழைய பருத்தித் துணித் துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். கெய்ரோவை ஒட்டிய பழைய நகரமான ஃபுஸ்டாட்டின் குப்பை மேடுகளிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். கையகலத் துண்டு, கிழிந்த ஓரம், தையல் பிரிந்த ஒட்டு. சிவப்பிலும் நீலத்திலும் அச்சுக்கட்டை வேலை, மெழுகோ களிமண்ணோ பூசிச் சாயம் ஏறாமல் தடுத்த வேலை. ராஜா வீட்டுப் பட்டு எதுவும் அதில் கிடையாது. சாதாரணச் சனங்கள் உடுத்திக் கிழித்து எறிந்த ஏற்றுமதித் துணி. அது இந்தியத் துணி, குஜராத் பக்கத்து வேலை என்று பிஃபிஸ்டர் என்கிற அறிஞர் 1938-ல் புத்தகம் எழுதினார். சரி, எந்தக் காலத்துத் துணி? அங்கேதான் சிக்கல். நியூபெரி என்ற எகிப்தியல் அறிஞர் அவற்றைக் கெய்ரோ வியாபாரிகளிடம் விலைக்கு வாங்கியிருந்தார். எந்த மேடு, எத்தனை ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று ஒரு சீட்டும் இல்லை. பல பத்தாண்டுகள் பூவேலையை வைத்தும் கட்டட அலங்காரத்தை வைத்தும் உத்தேசமாக வயது சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் கார்பன் சோதனை செய்தபோது சில துண்டுகள் பத்து, பதினோராம் நூற்றாண்டு வரை பின்னால் போயின. அதற்கிடையில், நான் சொன்ன அதே குசைரில் 1978-லிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தார் முறையாகத் தோண்டியபோது, பிற்கால அடுக்குகளில் இந்தியச் சாயத் துணிகள் கிடைத்தன. அவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அடுக்கோடு வந்தவை. அந்தக் கொஞ்சத்தின் பேச்சுக்கு இருந்த மதிப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைத் துண்டுகளுக்கு இல்லை.

இப்போது அந்த எட்டாயிரம் ரூபாய்க்காரரைப் பற்றி. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனால் இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்குப் பத்தூர் நடராசர் இருக்கிறார். 1976-ல் தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூரில் ஒரு கூலிக்காரர் மாட்டுக் கொட்டகைக்காக மண் வெட்டும்போது செப்புச் சிலைகள் தட்டுப்பட்டன. அவர் ஒரு நடராசரைச் சொற்பத் தொகைக்கு விற்றார். அது கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போய், ஒரு கம்பெனி பெருந்தொகைக்கு வாங்கி, போலீஸ் கையில் சிக்கி, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் ஏறியது. சிலையில் ஒட்டிக்கொண்டிருந்த மண்ணும் அங்கே சாட்சியானது. மீதிச் சிலைகள் பத்தூரிலேயே கிடைத்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தமிழ்நாட்டின் பக்கம் தீர்ப்பாகி 1991-ல் நடராசர் நாடு திரும்பினார். வெட்டி எடுத்தவர் கையில் நின்றது என்ன என்று நினைத்துப் பார். நடராசர் மாதிரி பெரிய சாமிக்கு வழக்காட நாடே வரும். சுண்டு விரல் நகமளவு மணிக்கு யார் வருவார்கள்? அது கரூரோ கொச்சியோ தாண்டிவிட்டால் உலகத்தில் இருக்கும் லட்சம் சிவப்பு மணிகளில் ஒன்று. அதை நீயே எதிரில் பார்த்தாலும் உனக்கு அடையாளம் தெரியாது.

சட்டமும் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே புதையல் சட்டம் போட்டிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வதும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அக்கா பயப்படுவது இதற்காக. நான் எழுதுவது இதற்காக மட்டும் என்றால் நாலு வரியில் முடித்திருப்பேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் சுற்று. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் சிவப்புக் கம்பளி நூலில் செய்த ஒரு சோடி காலுறை இருக்கிறது. எகிப்தில் கிடைத்தது, சுமார் 1,600 ஆண்டு பழசு. கட்டை விரலுக்குத் தனியே, மற்ற விரல்களுக்குத் தனியே பிரிவு; செருப்பு வார் உள்ளே போவதற்காக. படத்தைப் பார்த்ததும் பின்னல் துணி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒற்றை ஊசியில் கண்ணிக்குள் கண்ணி கோத்துச் செய்த வேலை. நம் நிட்டிங் இல்லை. நம் மெஷின் பின்னலின் தொடக்கம் வேறு. 1589-ல் இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்ற கிராமத்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தை உண்டாக்கினார். ஒரு வரிசைக் கண்ணி முழுவதையும் ஒரே மூச்சில் தள்ளும் மெஷின். வளைந்த கொக்கி ஊசி, அதற்கிடையே நூலை அமுக்குகிற தகடு. அந்தத் தகட்டுக்கு இன்றும் நாம் சிங்கர் என்றுதான் சொல்கிறோம். கைப்பின்னல்காரர்கள் பிழைப்புப் போய்விடும் என்று எலிசபெத் ராணி அவருக்கு உரிமை தரவில்லை. மனிதர் பிரான்சுக்குப் போய் அங்கேயே காலமானார். அந்த வகைச் சட்டங்களை இங்கிலாந்தில் ரடிங்டன் என்ற ஊரில், பின்னல் தொழிலாளிகள் வேலை செய்த அதே கொட்டகையில், மியூசியமாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

நாம்? கையால் சுற்றி ஓட்டிய பழைய பனியன் மெஷினை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எண்ணெயும் பஞ்சும் அப்பிய வார்ப்பிரும்பு. என் கண் முன்னால் எத்தனை மெஷின் எடைக்குப் போனது! ஒரு தட்டு, ஒரு சிலிண்டர் கூட நான் எடுத்து வைக்கவில்லை. நீ கொடுமணல் மணிக்கு உருகுவது நல்லது. அந்த உருக்கத்தில் கொஞ்சத்தை உன் கம்பெனி மொட்டை மாடிக்கும் எடுத்துப் போ. பழைய லேபிள், முதல் ஆர்டரின் சாம்பிள் பீஸ், கையால் வெட்டிய பேட்டர்ன் அட்டை, உடைந்த மெஷினின் பெயர்த் தகடு. எந்த ஆண்டு, யார் ஓட்டியது, எந்தச் சந்து என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடு. ஓட்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்; யாரும் கேட்கவில்லை.

கொடுமணலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி, நம் சாயக் கழிவைத் தேக்கி வைத்த அணை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் ஊரே வேலையில்லாமல் நின்றதை நீ சின்னப் பையனாகப் பார்த்திருப்பாய். நொய்யல் ஆற்றின் படுகையிலும் இப்போது ஓர் அடுக்கு இருக்கிறது, மாப்பிள்ளை. நம்முடைய அடுக்கு. நாளைக்கு ஒருவன் கயிறு கட்டிக் குழி பிரித்தால், பாலியஸ்டர் நூலும் பிளாஸ்டிக் பட்டனும் உப்பேறிய மண்ணும் அவனுக்குக் கிடைக்கும். சூதுபவளத்தைத் தீயில் வாட்டிச் சிவப்பைக் கூட்டுகிற வித்தை அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு வகை ஷேட் பிடிக்கிற வேலைதான். அவர்கள் விட்டுப்போனது மணி. நாங்கள் விட்டது வேறு. இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். மணியை இனிமேல் கழுவாதே. துளைக்குள் மிச்சம் மண் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பஞ்சு வைத்து, மூடி போட்ட சின்ன டப்பாவில் போடு. நீ எடுத்த படங்களை அழித்துவிடாதே. முக்கியமாகக் காடு தெரிகிற படம். எந்த வரப்பு, எந்த மரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை எட்டு என்று ஞாபகம் இருக்கும்போதே இன்று ராத்திரி எழுதி வை. உன் கூட்டாளிகளும் ஏதாவது எடுத்திருந்தால் அவரவர் இடத்தை அவரவர் எழுதட்டும். ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். உழவில் புரண்ட மண் என்பதால் அடுக்கு ஏற்கனவே கலைந்திருக்கும். இருந்தாலும் இந்தக் காட்டில் இந்த மூலையில் மணி வருகிறது என்பதே தோண்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். அடுத்த குழியை எங்கே போடலாம் என்று அதை வைத்து யோசிப்பார்கள். அந்த ஆளுக்கு "விற்பனைக்கு இல்லைங்க" என்று ஒரே வரி அனுப்பிவிட்டு நம்பரைத் தடுத்துவிடு. அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஊத்துக்குளி ரயில்வே கேட் பக்கம் நிற்கிறேன். உன் பைக்கிலேயே போவோம். முதலில் காட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நீ எடுத்த இடத்தைக் காட்டு. திங்கட்கிழமை அரை நாள் லீவு போடு. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீசுக்கும் தொல்லியல் துறைக்கும் அதன் நகலை அனுப்பிவிடுவோம். மனுவை நான் எழுதி வைக்கிறேன், நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். கொடுக்கும் முன்னால் அந்த மணியை ஒரு தரம் என் துணி பார்க்கிற லென்ஸில் பார்க்க வேண்டும். இந்த மாதிரி மணியில் இரண்டு பக்கமிருந்தும் துளை போடுவார்கள் என்று படித்திருக்கிறேன். ஒரு பக்கம் பாதி துளைத்து, திருப்பிப் பிடித்து, மறுபக்கம் மீதி. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் மயிரளவு விலகல் இருந்தால் ஒரு சின்னப் படி தெரியுமாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் என்று நினைக்கிறேன். லென்ஸை நான் எடுத்து வருகிறேன், டப்பாவை நீ மறக்காதே.

அக்காவிடம் சொல், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமன்